படம் மாறட்டும்

எது நாடகம் எது சினிமா என்று கொக்கரைப்பாளையத்துக்காரர்களுக்கு யாரும் பிரித்துச் சொன்னதில்லை. முப்பது வருஷம் நாடகக் கொட்டகையாக இருந்த அதே கட்டடத்தில், அதே மணல் தரையில், ஆண்களையும் பெண்களையும் பிரித்து நின்ற அதே மூங்கில் தட்டியை அப்படியே விட்டுவிட்டு, மேடையை மட்டும் இடித்து வெள்ளைத் திரையைக் கட்டி 'ஸ்ரீ கந்தவிலாஸ் டாக்கீஸ்' என்று போர்டு மாட்டிய முதலாளி சென்னியப்பன், இனிமேல் ஆட்கள் வரமாட்டார்கள், அவர்களுடைய நிழல்தான் வரும் என்று ஊருக்கு அறிவிக்க மறந்துபோனார். அதனால், 'பத்மலோசனி பந்தயம்' வந்திறங்கிய வெள்ளிக்கிழமை மேட்னியில், இளவரசி பத்மலோசனி நந்தவனத்துப் பாட்டைப் பாடி முடித்து ஒயிலாகத் திரும்பி நடந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் "ஒன்ஸ்மோர்!" என்றது. ஆண்கள் பக்கம் அதை வாங்கிக்கொண்டது, தகரக் கூரை அதை வாங்கிக்கொண்டது, பாதித் திரையைத் தாண்டிவிட்டிருந்த இளவரசி நின்றாள், திரும்பி வந்தாள், முந்தானையைச் சரிசெய்தாள், திரைக்கு வெளியே யாரிடமோ சுருதிக்குக் கண்காட்டினாள், பிறகு முதலிலிருந்து பாடினாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. "நாடகக் கம்பெனியில வளந்த புள்ளையாட்ட இருக்குது. மருவாதி தெரியுது பாருங்க," என்றார்கள் தரை டிக்கெட்டில். "போன மாசம் வந்தவ திரும்பிக்கூடப் பாக்கலியே" என்றார்கள் பெஞ்சு டிக்கெட்டில். அவ்வளவுதான்.

மேலே தன் சின்ன அறையில் ஆப்பரேட்டர் வையாபுரிக்கு மட்டும் வியர்த்தது. பத்து நிமிஷம் ஓட வேண்டிய ரீல் பதினேழு நிமிஷம் ஓடியிருந்தது. ரீலில் ஒரு அடி கூடவில்லை. விளக்கில் எரிகிற கார்பன் குச்சி அந்த ஏழு நிமிஷமும் ஒரு நூல்கூடத் தேயவில்லை. இடைவேளையில் இறங்கிப்போய் முதலாளியிடம் சொன்னான்.

"கார்பன் தேயலியா?"

"தேயலீங்க."

"நல்லதுதானப்பா. இதுக்கு எதுக்கு மூஞ்சியக் கோணிக்கிட்டு நிக்கற?" என்றார் சென்னியப்பன்.

மூஞ்சி கோணியதற்குக் காரணம் வேறு. அன்று காலையில்தான், படப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது, பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பாவாயியிடம் வையாபுரி கல்யாணம் கேட்டிருந்தான். பாவாயிக்கு முப்பத்தொன்று. நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த மாரப்பனின் மூத்த மகள்; அப்பன் போன பிறகு இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, கையில் ஒரு டார்ச்சோடு தட்டியின் ஓரத்தில் ஏழு வருஷமாக நிற்கிறவள். வையாபுரிக்கு முப்பத்தாறு. அவன் கேட்ட விதம் இப்படி:

"ஆத்தாளுக்கு முட்டிவலி, அம்மிணி. தண்ணி சேந்த முடியறதில்ல. ஊட்ல ஒரு பொம்பளையாளு இருந்தாத் தேவல. அதான்… நீங்க என்ன சொல்றீங்க?"

பாவாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "இந்தப் படம் மாறட்டும். சொல்றனுங்க," என்றாள்.

கொக்கரைப்பாளையத்தில் எந்தப் படமும் பத்து நாளைக்கு மேல் ஓடியதில்லை. எப்படியும் அடுத்ததற்கு அடுத்த வெள்ளிக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் வையாபுரி படியேறியிருந்தான்.

'பத்மலோசனி பந்தயம்' அந்த வட்டாரம் நாற்பது வருஷமாக மேடையில் பார்த்துச் சலிக்காத நாடகம். அதைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். இளவரசி பந்தயம் வைக்கிறாள்: ஏழு வேஷத்தில் என் நந்தவனத்துக்கு வா, ஒன்றிலாவது நான் உன்னைக் கண்டுபிடிக்காமல் போனால் உனக்கு மாலையிடுவேன் என்று. இளவரசன் வளையல்காரனாக வருகிறான், பாம்பாட்டியாக வருகிறான், சோசியனாக வருகிறான், ஒவ்வொரு தரமும் மல்லிகை வாசத்துக்குத் தும்மிப் பிடிபடுகிறான். ஏழாவது முறை வேஷமே இல்லாமல், வெறும் தானாக வந்து நின்று, உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறான். அன்றைக்குத்தான் அவளால் அவனை யாரென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. படத்தில் இளவரசனாக நடித்தவருக்கு நாற்பத்தைந்து வயதும் ஒரு தொப்பையும் இருந்தன. மேடையில் இருபது வருஷம் அதே இளவரசனாக நடித்தவர் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டுப் பழகிய ஊர் மூன்றாம் நாள் இந்த ஏழாவது காட்சிக்குக் கேட்டது. இளவரசன் குனிந்து கும்பிட்டுவிட்டு மறுபடி வந்தான். ஆனால் சொன்னதையே சொல்லவில்லை. முதலில் அவளை நிலவு என்றவன் இப்போது தாமரை என்றான். மறுநாள் அன்னம் என்றான். ஒன்ஸ்மோர் கேட்டால் அதையே அப்படியே திருப்பக்கூடாது, ஒரு சங்கதியாவது புதிதாக வைக்க வேண்டும், அதுதான் கொட்டகை மரியாதை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருந்தது.

பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, படம் மாறவில்லை. தினமும் வேறாக இருக்கிற படத்தை எதற்கு மாற்றுவது என்று ஊர் கேட்டது. மேட்னி எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாததால் நாலரை மணிப் பஸ்காரர் கொட்டகை வாசலில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்து "எத்தனாவது ஒன்ஸ்மோருங்க?" என்று கேட்டுவிட்டுப் பிறகு ஆரன் அடிக்கக் கற்றுக்கொண்டார், மாலையில் பால் கறக்க வேண்டிய பெண்கள் நேரம் கழித்து வந்ததில் எருமைகளும் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டன, பஞ்சாயத்து கூடி, பாட்டுக்கு இரண்டு, ஏழாவது காட்சிக்கு மூன்று, வாள்சண்டைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது, இளவரசருக்கு மூச்சு வாங்குகிறது என்று தீர்மானம் போட்டது. இளவரசியின் தொண்டை கட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்த ஒரு மகராசி சுக்குக் கஷாயத்தைத் தம்ளரில் ஊற்றித் திரைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள், மறுநாள் தம்ளர் காலியாக இருந்தது, குரல் தெளிவாக இருந்தது. பூனை குடித்திருக்கும் என்று வையாபுரி சொன்னதற்கு, "பூனை எப்படா கஷாயம் குடிச்சுது?" என்று ஊரே அவனைக் கேட்டது. வாள்சண்டையில் தோற்றுப்போகும் வில்லனுக்கு மட்டும் யாரும் ஒன்ஸ்மோர் கேட்பதில்லை என்பதும், அவன் நாளுக்கு நாள் இளைத்து வருகிறான் என்பதும் பெண்கள் பக்கத்தில் பேசப்பட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பரிதாபப்பட்டு அவனுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதான்.

வையாபுரியின் ஆத்தாளும் ஒரு நாள் அவனிடம் கணக்குக் கேட்டாள்.

"ஏண்டா, அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"படம் மாறட்டும்னுச்சு."

"நீ என்னன்னு கேட்ட?"

சொன்னான். ஆத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு எங்கடா முட்டிவலி? நேத்து மலைக்கோயிலுக்கு ஏறி எறங்கிட்டு வந்திருக்கறன். உனக்குக் கண்ணாலம் வேணும்னா என்ற முட்டி மேல எதுக்குடா பழி போடற?"

"வேற எப்படிக் கேக்கறது?"

"கொட்டகையில தெனமும் ஒருத்தன் கேக்கறானல்லோ, அதப் பாக்கறதில்லியா நீ?"

வையாபுரி சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினான்.

ஊரில் இந்தப் படம் தொலைய வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் அவன்தான், அதை வெளியில் சொன்னால் ஊருக்குள் நடமாட முடியாது என்பதால், முப்பதாம் நாள் ஒரு தபால் அட்டை வாங்கி, 'தங்கள் படப்பெட்டி இங்கே அளவுக்கு மீறி ஓட்டப்படுகிறது, உடனே வந்து எடுத்துப் போகவும், இப்படிக்கு உண்மை விளம்பி' என்று இடது கையால் எழுதி மெட்ராஸ் கம்பெனிக்குப் போட்டான். ஒரு வாரத்தில் கம்பெனிப் பிரதிநிதி ஜெகந்நாதன் வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல்பை, முகத்தில் இன்றைக்கே ஊர் திரும்பவேண்டும் என்கிற களை. வையாபுரி அவருக்குத் தன் கையாலேயே டீ வாங்கிக்கொடுத்தான்.

"மத்த ஊர்ல எல்லாம் ஒரு வாரத்துல தூக்கிட்டாங்கப்பா. இங்க மட்டும் என்ன?" என்றார் ஜெகந்நாதன்.

"அதானுங்க. பெட்டிய இப்பவே கட்டிப்போடட்டுங்களா?"

"இரு, இரு. ஒரு ரவுண்டு பாத்துட்டுத் தூக்கிடலாம்."

அதுதான் தப்பாகப் போயிற்று. அன்று இளவரசன் நிலவு, தாமரை, அன்னம் எல்லாம் தீர்ந்து, கொட்டகை மரியாதைப்படி உள்ளூர் விஷயங்களுக்கு வந்து சேர்ந்திருந்தான். "பெண்ணே, கொக்கரைப்பாளையத்துச் சந்தையில் விடியற்காலையில் வந்திறங்கும் மண்டவெல்லம்போல நீ இருக்கிறாய்" என்றான். கொட்டகை அதிர்ந்தது. இரண்டாம் தரம், "பஞ்சாயத்துப் புதிதாகப் போட்ட குழாயில் முதன்முதலாக வந்த தண்ணீர்போல இருக்கிறாய்" என்றான். நாற்காலி டிக்கெட்டில் இருந்த ஜெகந்நாதன் எழுந்து நின்று, தோல்பை நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல், "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார். மறுநாள் பெருமாள் கோயில் தெருவில் ஒரு அறை பிடித்துத் தங்கிவிட்டார். அவர் சம்சாரத்திடமிருந்து மூன்று கடிதம் வந்தது. நான்காவது தரம் அந்த அம்மாளே வந்து, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வையாபுரிக்கு அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒன்ஸ்மோரை ஊரே சேர்ந்துதான் கத்துகிறது. ஆனால் முதல் குரல் எப்போதும் ஒன்றே ஒன்று, பெண்கள் பக்கத்திலிருந்து, கணீரென்று, சுருதி பிசகாமல் வருகிறது. நாற்பத்தெட்டாம் நாள், அறையின் பார்க்கும் ஓட்டையில் கண்ணை வைத்துக் காத்திருந்தான். இளவரசன் பேசி முடித்தான். தட்டியின் ஓரத்தில் நின்ற டார்ச் ஒரு தரம் மின்னி அணைந்தது. அதே இடத்திலிருந்து, அதே நொடியில், "ஒன்ஸ்மோர்!"

இடைவேளையில் கரி படிந்த கையோடு பெண்கள் வாசலுக்குப் போய் நின்றான்.

"நீங்கதானா, அம்மிணி?"

"எது?"

"தெனமும் மொதல்ல கத்தறது."

"ஆமாங்க." பாவாயி கிழித்த டிக்கெட்டுகளைக் கம்பியில் குத்திக்கொண்டே சொன்னாள்.

"படம் மாறுனாச் சொல்றன்னீங்க. இப்ப நீங்களே மாற உடமாட்டேங்கறீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாமல்லங்க? என்னத்துக்கு நாப்பத்தெட்டு நாளு?"

பாவாயி கம்பியை ஆணியில் மாட்டினாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். "வேண்டாம்னு நா எப்பங்க சொன்னேன்?"

"வேணும்னும் சொல்லலியே."

"எங்கப்பன் ஆர்மோனியம் வாசிக்கறப்ப, பாட்டு நல்லாயிருந்தா மட்டும் ஒன்ஸ்மோர் கேக்க மாட்டாங்க, ஆப்பரேட்டருங்க. பாடறவனுக்கு நல்லாப் பாட வரும், இன்னைக்கு ஏனோ பாதிதான் பாடியிருக்கறான்னு தெரிஞ்சாலும் கேப்பாங்க. அவனுக்கு இன்னொரு சான்சு. அப்பவும் அதையே பாடுனான்னா எங்கப்பன் பொட்டிய மூடிப்போடுவாரு." மணி அடித்தது. "போங்க, ரீலு ஏத்துங்க. சனம் காத்துக்கிட்டிருக்குது."

அவன் படியேறினான். அவள் இளவரசனைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஏழு வருஷமாக வெளிச்சத்துக்குப் பின்னால் நின்று பழகியவனுக்கு, யாராவது தன்னைப் பார்த்துப் பேசக்கூடும் என்று தோன்றுவதில்லை.

அறுபத்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை மேட்னியில், இளவரசனுக்கு வார்த்தை தீர்ந்துபோயிற்று. ஏழாவது காட்சியின் முதல் ஒன்ஸ்மோருக்கு எருமை வெண்ணெயைச் சொல்லி ஒப்பேற்றிவிட்டான். இரண்டாவதுக்கு வந்து நின்றான், வாயைத் திறந்தான், மூடினான். நாடகத்தில் வசனம் மறந்தால் பக்கத்துப் படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க ஒருவர் இருப்பார். இளவரசன் பழக்கதோஷத்தில் இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. இளவரசி விரலால் ஜடையைச் சுற்றிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில் அவன் தலையை நிமிர்த்தி, தன் மேல் வந்து விழுகிற வெளிச்சத்தின் வழியே நேராக, ஆப்பரேட்டர் அறையின் ஓட்டையைப் பார்த்தான்.

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"யோவ் ஆப்பரேட்டரே," என்றார் ஜெகந்நாதன் நாற்காலியிலிருந்து, "உன்னைத்தான் கேக்குறாரு. எடுத்துக் குடுய்யா."

"எனக்கென்னங்க தெரியும்?" வையாபுரியின் குரல் ஓட்டை வழியே வந்தது.

"தெரிஞ்சதச் சொல்லு, சாமி!" என்றது தரை டிக்கெட். "பாவம், மனுசன் நிக்கறாரு!"

ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு வையாபுரியிடம் இருந்தது ஒரே ஒரு வசனம். ஓட்டையில் வாயை வைத்தான். "ஆத்தாளுக்கு முட்டிவலி…"

இளவரசன் முகம் மலர்ந்தது. மார்பை நிமிர்த்தி, கணீரென்று, "கண்மணி! என் அன்னைக்கோ முட்டிவலி!" என்றான்.

"பொய்யி!" பெண்கள் பக்கத்தில் வையாபுரியின் ஆத்தாள் எழுந்து நின்றாள். "எனக்கு ஒரு வலியும் கெடையாதுங்க! எல்லாரும் பாத்துக்கங்க!" என்று மணலில் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்து காட்டினாள். கொட்டகை சிரித்த சிரிப்பில் தகரக் கூரையிலிருந்து அடைக்கலங்குருவிகள் பறந்தன. திரையில் இளவரசியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தட்டியின் ஓரத்தில் டார்ச் மட்டும் அசையாமல், எரியாமல் நின்றது.

சிரிப்பு அடங்கியது. இளவரசன் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி பாடியவனுக்கு இன்னொரு சான்சு, அதையே பாடினால் பெட்டியை மூடிவிடுவார்கள். யார் பாதி பாடியவன் என்பது வையாபுரிக்கு அப்போது, கை சுடச்சுட விளக்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இடத்தில், புரிந்தது.

"முட்டிவலி பொய்யிதானுங்க," என்றான்.

"முட்டிவலி பொய்தான்," என்றான் இளவரசன். இந்தத் தரம் அவன் குரலில் மணியோசை இல்லை.

"ஆளு வேணும்னது ஆத்தாளுக்கில்ல. எனக்குத்தான்."

"எனக்குத்தான்."

"இந்த ரூம்புல ரெண்டு ஓட்டை இருக்குதுங்க. ஒண்ணுல வெளிச்சம் போகும். இன்னொண்ணுல நா படத்தப் பாக்கோணும். ஏழு வருசமா ஒரு படம் பாத்ததில்லீங்க நானு. கதை கேட்டாச் சொல்லத் தெரியாது. டார்ச்சு எந்தப் பக்கம் போகுது, எந்தப் பக்கம் வருது, அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன். ஒரு நாளு உங்களுக்குக் காச்சல்னு வேற ஆளு நின்னுச்சு. அன்னைக்கு ரீலத் தலைகீழா ஓட்டிப்போட்டேன்."

"அன்னைக்கு அதானா!" என்றார் முதலாளி சென்னியப்பன்.

"சும்மாயிருங்க!" என்று ஊர் முதலாளியை அடக்கியது.

இளவரசன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான், டார்ச்சையும் காய்ச்சலையும் தலைகீழ் ரீலையும், ஒரு எழுத்து விடாமல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த நந்தவனத்தில் டார்ச் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்லி முடித்து அவன் தும்மவும் இல்லை. இளவரசி பத்மலோசனி அவனைப் பார்க்காமல், கழுத்தை நீட்டி, திரையின் விளிம்புக்கு அப்பால், பெண்கள் வாசலைப் பார்த்தாள். ஊரும் அந்தப் பக்கம் திரும்பியது.

பாவாயி அசையவில்லை. ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டது. பிறகு, மூங்கில் தட்டியின் ஓரத்திலிருந்து, சுருதி பிசகாமல், ஆனால் இந்தத் தரம் ரொம்பச் சன்னமாக:

"ஒன்ஸ்மோர்."

யாரும் கூடச் சேர்ந்து கத்தவில்லை. அது ஊர் கேட்கிற ஒன்ஸ்மோர் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெளியே பஸ்காரர்கூட ஆரனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

வையாபுரி மறுபடி சொன்னான். கொட்டகை மரியாதைப்படி ஒரு சங்கதி கூட வைத்துச் சொன்னான்: தனக்குத் தண்ணீர் சேந்தத் தெரியும், சோறாக்கவும் தெரியும், அவள் வேலையை விட வேண்டியதில்லை, டார்ச்சுக்குப் பேட்டரி தான் மாற்றித் தருவதாகச் சொன்னான்.

"ஒன்ஸ்மோர்," என்றாள் பாவாயி.

"பஞ்சாயத்துத் தீர்மானப்படி மூணுதானே…" என்று ஆரம்பித்த ஜெகந்நாதனை அவர் சம்சாரம் தட்டிக்கு மேலால் எட்டி ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்றாம் தரம் அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். டார்ச்சும் பேட்டரியும் ஆத்தாளும் இல்லை. "உங்கள எனக்குப் புடிச்சிருக்குது, பாவாயி," என்றான். பேரைச் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை இளவரசன் திருப்பிச் சொல்லவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்றான்.

அப்போது டார்ச் எரிந்தது. அது தரையில் விழவில்லை, பெஞ்சில் விழவில்லை, இடம் தேடுகிறவர்களின் காலடியில் விழவில்லை. ஊர் முழுவதன் தலைக்கு மேலாக ஏறிப்போய், திரைக்குப் போகிற பெரிய வெளிச்சத்துக்கு எதிர்த்திசையில், அந்தச் சின்ன ஓட்டைக்குள் நேராக நுழைந்து, கரி படிந்த வையாபுரியின் முகத்தில் போய் நின்றது.

"போதுங்க," என்றாள் பாவாயி. "படத்த மாத்திருங்க."

பெண்கள் பக்கத்தில் வையாபுரியின் ஆத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அறுபத்து மூன்று நாள் மல்லிகைத் தோட்டத்தில் நின்றே இருந்த இளவரசி பத்மலோசனி அதைக் கேட்டதும், "அப்பாடா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ஊஞ்சலில் தொப்பென்று உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.